மூன்றாம் நம்பர் மெஷின்

சங்குமுனையில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று காலையில் பிரகாசியின் கம்ப்யூட்டர் சென்டரில் நிற்க இடமில்லை. பாதி ஊர் தண்ணீர்க் கம்பெனியின் வாசலில் மறியலுக்குப் போயிருந்தது. மீதி ஊர் இங்கே வந்திருந்தது. மறியல் பாட்டுக்கு மறியல், ஆனாலும் மறுநாள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. கடல் நீரைக் குடிநீராக்கி விற்கும் அந்தக் கம்பெனி, ஒவ்வொரு வீடும் முந்தின நாளே தன்னுடைய இணையப் பக்கத்தில் வீட்டு எண்ணைக் கொடுத்து, ‘ஒப்புதல்’ என்ற பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் குழாயைத் திறந்துவிடும். அந்தப் பக்கம் செல்போனில் திறக்காது. புதிய கம்ப்யூட்டரிலும் திறக்காது. கம்பெனி இலவசமாகக் கொடுத்த பழைய மெஷின்களில், அதிலிருந்த பழைய ப்ரவுசரில் மட்டும்தான் திறக்கும். ஊரில் இரண்டு மூன்று கடைகளில் அந்த மெஷின்கள் இருந்தன. அதில் பெரிய கடை பிரகாசியுடையது.

மூன்றாம் நம்பர் மெஷினில் கயித்தான் உட்கார்ந்திருந்தார். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் கறை அவர் நகக்கண்ணில் இருக்கும். ஒற்றை மகள் ஜெனோவா கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மறியலில் முன்வரிசையில் நின்றாள்.

“என்ன பிரகாசி, சுத்திக்கிட்டே கெடக்கு?” என்றார் கயித்தான்.

“பொறுங்கண்ணே. மறியல்னு வேணும்னே இழுத்தடிக்கானுவ போல.”

“எம் மவ அங்க வெயில்ல கத்திக்கிட்டு நிக்கா. மோர் கொண்டு போவணும்.”

பச்சைப் பொத்தான் வந்தது. கயித்தான் ஒற்றை விரலால் அமுக்கினார். திரை கொஞ்ச நேரம் உறைந்து நின்றது. பிறகு, ‘உங்கள் முறை பதிவானது, நன்றி’ என்றது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தடித்த துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. பிறகு கம்பெனி வாசல் பக்கமிருந்து மொத்த ஊரின் அலறல் தெரு வழியாக வந்தது.

கயித்தான் ஓடினார். பிரகாசியும் அவள் கணவன் ரெமிஜியூஸும் பின்னாலேயே ஓடினார்கள்.

வாசலுக்கு மேலே கம்பெனியின் காவல் ட்ரோன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தும்பி என்பார்கள். இத்தனை நாளும் அவை படம் பிடிப்பதைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. கீழே ரோட்டில் செருப்புகளும் தட்டிகளும் சிதறிக் கிடந்தன. வலை பின்னும் மனோகரன் தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்தியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் திறந்தபடியே இருந்தது. ஒருவன் கல்லைத் தூக்கினான். தும்பி ஒன்று சாவகாசமாக அவன் பக்கம் திரும்பியது. கிழிசல் சத்தம். அவன் முகத்தில் பாதி இல்லை.

ரெமி பிரகாசியை இழுத்துச் சாக்கடைக்குள் தள்ளி அவள்மேல் படுத்துக்கொண்டான். அந்த இடத்திலிருந்து அவள் பார்த்தாள்: கயித்தான் ரோட்டின் நடுவில் மண்டியிட்டு, மகளின் கழுத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கிடையில் ரத்தம் பீறிட்டு அவர் சட்டையில் அடித்தது. ஜெனோவாவின் கால்கள் தார் ரோட்டில் உதைத்துக்கொண்டன. “நிறுத்துங்கல, நிறுத்துங்கல” என்று அவர் தும்பிகளைப் பார்த்துக் கத்தினார். கால்கள் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

அன்று ஏழு பேர் செத்தார்கள்.

மறுநாளே கம்பெனி அறிக்கை விட்டது. எங்கள் கம்ப்யூட்டர் எதுவும் சுட உத்தரவிடவில்லை. சட்டப்படி, சங்குமுனைக் குடிமக்களின் ஒப்புதலோடுதான் எல்லாம் நடந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்தச் சட்டம் மக்கள் போராடி வாங்கியது. சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இதே மாதிரிச் சூடு நடந்தபோது, இயந்திரமும் முதலாளியும் சேர்ந்து மனிதர்களைச் சுட முடிவெடுக்கக் கூடாது என்று பெரிய கிளர்ச்சி நடந்தது. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடிமகன், தன் கையால், தன் ஊரிலிருந்து, கம்பெனிக்குச் சொந்தமில்லாத மெஷினில் ஒப்புதல் கொடுத்தால்தான் காவல் ட்ரோன் சுட வேண்டும் என்று அப்போது சட்டம் வந்தது. எந்தக் குடிமகன் அப்படிக் கொடுக்கப் போகிறான் என்று நினைத்து எல்லோரும் பட்டாசு வெடித்தார்கள்.

இப்போது ஊருக்குள் கேள்வி ஒன்றுதான். கொடுத்தவன் எவன்? கம்பெனிக்குக் காய்கறி போட்டவன் வீட்டுக் கதவைப் பிளந்து அவனை அடித்தார்கள். இடது கண் போயிற்று. கம்பெனியில் காவலாளியாக இருந்தவனின் படகை எரித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஏழு குழியும் ஈரம் காயவில்லை, அதற்குள் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தோளில் பையோடு ஒரு ஆள் சென்டருக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். பெயர் நவநீதன், கம்பெனியிலிருந்து அப்டேட் போட வந்திருக்கிறேன் என்றான். பேச்சில் மேற்கு மாவட்டத்து வாடை அடித்தது. நேராக மூன்றாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்ந்தான்.

பழுது பார்ப்பது ரெமியின் வேலை. அப்டேட் போடுகிறவன் கை எப்படிப் போகும், அழிக்கிறவன் கை எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியாதா? பின்னால் போய் நின்று பார்த்தான். “என்னத்தல அழிக்க?” என்று கேட்டான். நவநீதன் திரும்பினான். அவன் முகத்தில் இருந்த பயத்தைக் கண்டதும் ரெமிக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. கீபோர்டைப் பிடுங்கி முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது, பட்டன்கள் தெறித்துத் தரையில் உருண்டன. பிரகாசி ஓடிப்போய் ஷட்டரை இழுத்துவிட்டாள்.

ரெமி அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். தோளில் ஏதோ நகர்ந்தது. நவநீதன் ஊளையிட்டான்.

“அடிக்காதீங்கண்ணா, சொல்லிடறேன். அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தானுங்க.”

“எந்தப் பக்கத்த?”

“தண்ணி பதியற பக்கம்.”

ரெமி கையைத் தளர்த்தினான். நவநீதன் மூக்கில் வழிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“நீங்க ஒரு பக்கத்தைத் திறந்தா, அதோட சேர்ந்து ஒரு ஸ்கிரிப்ட்டும் உங்க மெஷினுக்கு வந்துருமுங்க. அது ஓடறது எங்க மெஷின்ல இல்ல, உங்க மெஷின்ல. இங்க இருக்கிற ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேரை அது தானா திறக்கும். கட்டத்துல எண்ணைப் போடும், கூட்டும், கழிக்கும், முடிவை எடுத்துக்கிட்டு மூடிரும். உக்காந்திருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஷீட் தெறந்தா தெரியாதா?” என்றாள் பிரகாசி.

“தெரியாதுக்கா. திறக்கும்போதே, திரையில காட்டாதேன்னு ஒரு வரி எழுதியிருக்கேன். புது ப்ரவுசர் எதுவும் ஒரு பக்கத்தை இப்படி உங்க சாஃப்ட்வேரைத் தொட விடாது. பழசு விடும். அதனாலதான் உங்களுக்குப் பழைய மெஷினா பாத்துக் கொடுத்தாங்க.”

“தண்ணி மொறை கணக்குப் போடத்தான?”

நவநீதன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். ரெமி அவன் தலைமயிரைப் பிடித்து மேசையில் இடித்தான்.

“முதல்ல தண்ணிக்குத்தான் எழுதச் சொன்னாங்க! அப்புறம் இன்னொரு ஷீட் சேர்த்தாங்க. ட்ரோன் பாக்கற ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒரு வரி. எவ்வளவு கிட்டக்க நிக்கறாங்க, கையில என்ன இருக்கு, எவ்வளவு சத்தமா கத்தறாங்க, அவங்க சொன்னா எத்தனை பேர் கேக்கறாங்க. கடைசிக் கட்டத்துல சுடு, விடு. சுடுன்னு வர்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரு குடிமகனோட ஒப்புதல் வேணும். அந்த நேரம் பச்சைப் பொத்தானை யார் அமுக்குறாங்களோ அவங்க கணக்குல அந்த வரி போயிரும். சட்டம் கேக்கற மூணும் இருக்கு பாருங்க. அவங்க கை, அவங்க ஊரு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மெஷின். கொடுத்த மெஷினை எல்லாம் உங்க பேருக்கே எழுதி வச்சிருக்காங்க.”

பிரகாசி தன் கடையின் நாற்காலிகளைப் பார்த்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டு எண்ணை அடித்துக் கொடுத்து, இங்கே அமுக்குங்க என்று காட்டியவள் அவள்தான்.

“இதுல எதுக்கு வந்து நோண்டுத?” என்றான் ரெமி.

“அன்னிக்குக் கூட்டம் ஓடினப்ப உங்க கடையில கரண்ட் போயிருக்கு. ஷீட் பாதியில நின்னா, அந்த சாஃப்ட்வேர் தானாவே ஒரு நகலைச் சேமிச்சு வச்சுக்கும். மத்த மெஷின்ல ஒண்ணும் இல்ல. இதுல மட்டும் ஒண்ணு மாட்டியிருக்கு.”

“தெற.”

திறந்தான். சாதாரண ஷீட்தான். பள்ளிக்கூடத்து மார்க் போடுகிற மாதிரி கட்டம் கட்டமாக. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தபால்தலை அளவில் ஒரு முகம். பிரகாசிக்கு எல்லாமே தெரிந்த முகம். வலை மனோகரன். கோயில் பிள்ளையின் தம்பி. மஞ்சள் அடித்த ஒரு வரியில் வாயை அகலத் திறந்து கோஷம் போடும் ஜெனோவா. கடைசிக் கட்டத்தில் ‘சுடு’. அதற்குப் பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த வீட்டின் எண்.

அந்த எண்ணைப் பிரகாசி எத்தனையோ காலையில் தன் விரலால் அடித்திருக்கிறாள்.

“இது கயித்தான் அண்ணன் வீட்டு நம்பருல்லா,” என்றாள்.

“யாருங்க?”

“அவ அப்பா.”

நவநீதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஷீட்டுக்கு அப்பா, மகள்னெல்லாம் ஒரு கட்டம் கிடையாதுங்க,” என்று மெல்லச் சொன்னான். பிறகு மேசையில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தான். ரெமி அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டு அப்படியே கீழே போட்டான்.

அவன் அழுது முடித்தபோது, அரசு போட்டிருந்த விசாரணை கமிஷனில் வந்து எல்லாவற்றையும் சொல்வதாகத் தானே சொன்னான். மறுநாள் காலையில் மெஷினையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மாவட்டத் தலைநகருக்குப் போவது என்று முடிவாயிற்று.

“கயித்தான் அண்ணன் பேரு வெளிய வந்துருமே,” என்றாள் பிரகாசி. “தெரிஞ்சா அவரு உசுரோட இருக்க மாட்டாரு. அவரு பொஞ்சாதி இசபெல் அக்காவும் இருக்க மாட்டா.”

“அந்த ஒத்த வரிய மட்டும் மறைச்சா மிச்சத்த எவன் நம்புவான்?” என்றான் ரெமி. “ஏழு உசுரு பிரகாசி. நீதிபதிகிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிக் கேப்போம். வேற வழி எனக்குத் தெரியல.”

காலையில் ரெமி மெஷினைக் கழற்றி, வயர்களைச் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தெருமுனையில் ஆட்டோ வருவதற்குப் பதிலாகக் கூட்டம் வந்தது. கம்பெனிக்காரன் ஒருவன் கம்ப்யூட்டர் சென்டரில் தங்கியிருக்கிறான், ஒப்புதல் போனது அங்கிருந்துதான் என்று யாரோ விடிந்ததும் விடியாததுமாகச் சொல்லிவிட்டிருந்தார்கள். முன்னால் கயித்தான். கையில் இன்ஜின் கிளப்பும் இரும்புக் கம்பி.

நவநீதனைத்தான் முதலில் பிடித்தார்கள். அவன் பின்சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். “நான் சாட்சி சொல்றேன், நான் உங்களுக்குத்தான் சொல்லப்போறேன்” என்று அவன் கத்தியது பிரகாசிக்குக் கேட்டது. யாரும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பெண்களும் அடித்தார்கள். நங்கூரக் கல் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அவன் மார்பில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை. அடி மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

கயித்தான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நேரே ரெமியிடம் வந்தார்.

“அத கீழ வைல.”

“அண்ணே, இது வேணும்ணே,” என்றான் ரெமி. மெஷினை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். “கம்பெனிக்காரன் செஞ்சது அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. ஜெனோவாவுக்கு நியாயம் கெடைக்கணும்னா இது வேணும்.”

“கீழ வைன்னு சொன்னேன்.”

“வைக்க மாட்டேண்ணே.”

முதல் அடி தோளில் விழுந்தது. ரெமி மண்டியிட்டான், பிடியை விடவில்லை. அடுத்தது தலையில். பிரகாசி ஓடி வந்து கயித்தானின் கையில் தொங்கினாள்; அவர் உதறியதில் ஷட்டரில் போய் மோதினாள். மூன்றாவது அடியின் சத்தம் முதல் இரண்டைப் போல இல்லை. ரெமி மெஷினின் மேல் கவிழ்ந்தான். அவன் காதிலிருந்து வந்த ரத்தம் அதன் காற்றுத் துளைகளுக்குள் சொட்டியது.

கயித்தான் அவனைக் காலால் புரட்டித் தள்ளிவிட்டு, மெஷினின் மூடியைக் கம்பியால் பிளந்தார். கூட்டத்தில் ஒருவன் பெட்ரோல் கேனைக் கொடுத்தான். ஊற்றிப் பற்றவைத்தார். தீ கடைக்குள் பாய்ந்தது. பிரகாசி ஊர்ந்துபோய், ரெமிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைத்து அவனைத் தீயிலிருந்து இழுத்தாள். அவன் விரல்கள் இன்னும் ஒரு வயரைப் பிடித்திருந்தன. அதைப் பிரித்தெடுக்கையில்தான் அவள் கை இரண்டும் முழங்கைவரை வெந்தன.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். கயித்தானைக் கொல்ல அவளுக்குக் கத்தி வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வேறெந்த ஆசையும் அவளிடம் மிச்சமில்லை.

ரெமியையும் நவநீதனையும் ஊர் சேர்ந்து அடித்ததாகத்தான் போலீஸ் எழுதியிருந்தது, யார் பேரும் அதில் இல்லை. கட்டுப் பிரிக்காத கைகளோடு அவள் கயித்தான் வீட்டுக்குப் போனாள். இசபெல் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கழற்றிப் போட்ட இன்ஜினின் பக்கத்தில், எதுவும் செய்யாமல் கயித்தான் உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்துக் கிடந்தது.

“உம்ம மவள சுட ஒப்புதல் குடுத்தது யாருன்னு தெரியுமா?” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியும்,” என்றார்.

பிரகாசி ஓரடி பின்னால் வைத்தாள்.

“நாந்தான,” என்றார் கயித்தான். “ஊர அங்க கூட்டிட்டு வாரதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே தெரியும். கம்பெனி வக்கீலு வீட்டுக்கே வந்து சொன்னான். அந்த மெஷின் ஒண்ணுலதான் ஒங்க பேரு மாட்டியிருக்கு, அது இருக்கவரைக்கும் ஒங்களுக்கு ஆபத்துன்னான். வேறொண்ணும் சொல்லல. போயிட்டான்.”

“தெரிஞ்சுதான் அடிச்சீரா?” அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “எம் புருஷன் ஒம்ம மவளுக்காகத்தான் அத விடாமப் பிடிச்சிருந்தாரு.”

“அதுவும் தெரியும்.”

“பொறவு எதுக்கு?”

“இசபெலுக்குத் தெரிஞ்சிரும்ல.” அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ராத்திரியெல்லாம் எம் பக்கத்துலதான் படுத்திருக்கா. எங் கையப் பிடிச்சுக்கிட்டுதான் அழுதா.”

அவர் எழுந்து, மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவளிடம் நீட்டினார். கழுவாமலே வைத்திருந்தார். “இதால என்னையும் அடிச்சிரு. நான் தடுக்க மாட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லாத.”

அவள் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் கம்பியைக் கவ்விப் பிடித்து, உடம்பையே சுழற்றி அடித்தாள். அவர் காறை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். கட்டுத் துணி கிழிந்து, வெந்த தோலிலிருந்து நீரும் ரத்தமும் ஒழுகின. அவர் தரையில் கிடந்தார். கையைக்கூடக் குறுக்கே வைக்கவில்லை. தலைக்குக் குறிவைத்து அவள் மூன்றாம் தடவை ஓங்கியபோது இசபெல் ஓடி வந்து அவள்மேல் விழுந்தாள்.

“எம் மவளயும் குடுத்துட்டு நிக்கேன், இவரயும் கொல்ல வந்தியாட்டி?”

“இவரு என்ன செஞ்சாருன்னு கேளு!” என்று கத்தினாள் பிரகாசி. “கேளு அக்கா!”

இசபெல் கணவனைப் பார்த்தாள். கீழே கிடந்த கயித்தான் பிரகாசியைப் பார்த்தார். அடி வாங்கும்போது இல்லாத பயம் இப்போது அவர் கண்ணில் இருந்தது. பிரகாசி இதற்காகத்தான் வந்தாள். வாக்கியம் தயாராக வாயில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் முதலில் சாகப்போவது அவரல்ல என்று, இசபெலின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

“ரெமிய மண்டையில அடிச்சது இவருதான்,” என்றாள். “ஊரு இல்ல. இவரு.”

இசபெல் அந்தக் கம்பியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு கணவனின் முறியாத கையைப் பிடித்து எழுப்பினாள். “நடங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்,” என்றாள். அவர் தப்பித்தவரைப் போல அவளோடு போனார்.

விசாரணை கமிஷன் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூடியது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒரு அம்மாள் மேடையில் இருந்தார். முதல் நாளே கம்பெனி வக்கீல் எழுந்து, விசாரிக்க இங்கே எதுவும் இல்லை என்றார். அந்த இணையப் பக்கம் எடுக்கப்பட்டுவிட்டது. எழுதிய ஊழியரை இந்த ஊரே கொன்றுவிட்டது. மெஷினையும் இந்த ஊரே எரித்துவிட்டது. ஒப்புதல் கொடுத்தவர்கள் யாராவது வந்து எப்படி நடந்தது என்று சொன்னால் பதில் சொல்லத் தயார். வருவார்களா?

நீதிபதி மண்டபத்தைப் பார்த்தார். “வந்து சொல்றவங்க மேல கொலை வழக்கு வரும். அதை நான் மறைக்க விரும்பல,” என்றார். “தெரிஞ்சே யாராவது சொல்லத் தயாரா இருக்கீங்களா?”

எவரும் அசையவில்லை. அந்தக் காலையில் பச்சைப் பொத்தானை அமுக்கியவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். தான் அமுக்கியதில் எது விழுந்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், கழுத்தோடு கட்டுப் போட்ட கயித்தான் உட்கார்ந்திருந்தார். மெஷினை எரித்தது பற்றிக் கேட்க அவரை ஜெயிலிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள்.

பிரகாசி எழுந்தாள்.

“மெஷின் என்னுது,” என்றாள். “நாந்தான் அமுக்குனேன்.”

மேடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தோடு வந்த ஸ்கிரிப்ட், கண்ணுக்குத் தெரியாமல் திறக்கும் ஷீட், முகம் முகமாக வரி, கடைசிக் கட்டம், பழைய மெஷின்களை எதற்குக் கொடுத்தார்கள் என்பது, கரண்ட் போனதால் மாட்டிக்கொண்ட நகல். நவநீதன் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். வாக்குமூலம் எழுதுகிறவர் ஒரு சொல் விடாமல் எழுதினார். கம்பெனி வக்கீலின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“நீங்க ஒப்புதல் கொடுத்த வரியில யார் முகம் இருந்தது?” என்று அவர் குறுக்கிட்டுக் கேட்டார்.

பிரகாசி ஒரு கணம் கண்ணை மூடினாள். “ஜெனோவா,” என்றாள்.

முன்வரிசையிலிருந்து இசபெல் பாய்ந்து வந்தாள். பிரகாசியின் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, தலையை மேடைப் படியில் இடித்தாள். “எம் பிள்ளய நீயாட்டி? எம் வீட்டு வாசல்ல வந்து நின்னியே, நீயாட்டி?” பிரகாசியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் தடுக்கவில்லை. போலீஸ்காரிகள் ஓடி வந்தார்கள். இசபெலின் பிடியைத் தளர்த்த அவர்களால் முடியவில்லை. மறுபடி தலையைத் தூக்கினாள்.

“அவ பொய் சொல்லுதா.”

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. கயித்தான் எழுந்து நின்றிருந்தார். உட்காரச் சொல்லித் தோளை அழுத்திய போலீஸ்காரரின் கையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

“அது எங்க வீட்டு நம்பரு,” என்றார். “அமுக்குனது நானு. இசபெல், நாந்தான்.”

நீதிபதி எழுதுகிறவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேனா நின்றிருந்தது.

இசபெல் திரும்பவில்லை. அவள் விரல்கள் பிரகாசியின் கூந்தலுக்குள் அப்படியே நின்றன. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.